கிணற்றில் நாலில் ஒரு பங்கு

(ஏற்காட்டில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவனிடம் ஜெருசலேம் யாருக்குச் சொந்தம் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் சேலத்தில் சிவில் வக்கீல். முப்பத்தைந்து வருடமாக வரப்பு, வாய்க்கால், சந்து, கிணறு இவைதான் என் பிழைப்பு. உலக அரசியல் பேச என்னைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருப்பார். ஆனால் ஒரே சொத்து, இரண்டு பேர் கையிலும் பத்திரம், இரண்டு பேருக்கும் அனுபவம் என்று ஒரு தாவா என் மேசைக்கு வராத வாரம் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் ஒப்புக்கொண்டேன்.

முதலில் இந்த மலையைப் பற்றி இரண்டு வார்த்தை. மேலே சேர்வராயன் கோயிலுக்கு எல்லோரும் போயிருப்பீர்கள். 5,326 அடி உயரம். உச்சி என்று பேர், ஆனால் கூடாரம் போட்டுச் சந்தை நடத்தலாம் போல அவ்வளவு சமதளம். கோயில் ஒரு குகை. குனியாமல் யாரும் உள்ளே போக முடியாது. கலெக்டராக இருந்தாலும் முதுகை வளைத்தாக வேண்டும். உள்ளே சேர்வராயன், பக்கத்தில் காவேரியம்மன். குகை காவிரிவரைக்கும் போகிறது என்று நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களிலிருந்து மலையாளி மக்கள் வந்து கூடுவார்கள். கேரளத்து மலையாளி என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம், இவர்கள் மலையை ஆள்கிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயனில் தங்கினான், மற்றவர்கள் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள் என்று அவர்களுடைய கதைகளில் ஒன்று சொல்கிறது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியோடு வந்தார். அதன் பின்னால் எஸ்டேட், பங்களா, சர்ச், கான்வென்ட். அதற்கும் பின்னால் பாக்சைட் வெட்டுகிறவர்கள்.

இந்த மலை யாருடையது என்று ஒரு முறை கிராமத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "எதுக்குங்க கேக்கறீங்க?" என்றார். வக்கீல் என்றதும் சந்தேகப்பட்டிருக்கிறார், வேறொன்றும் இல்லை. ஆனால் என் சீனியர்கூட எனக்கு அப்படியொரு கேள்வியைச் சொல்லித் தந்ததில்லை. எதற்குக் கேட்கிறாய்? கும்பிடவா, குடியிருக்கவா, வெட்டி எடுக்கவா, விற்கவா? ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரன் வேறு.

எங்கள் பக்கத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். நான் சாப்பாட்டுக்குப் பதிலாக அதைத்தான் படித்திருக்கிறேன். நாலு சகோதரர்கள். நிலத்தை நாலாக அளந்து, சக்குபந்தி எழுதி, கல் நட்டுவிடுவார்கள். கிணற்றை என்ன செய்வது? அதை வெட்டிப் பிரிக்க முடியாது. எனவே தபசிலில், அதாவது சொத்து விவரப் பட்டியலில், ஒவ்வொருவன் பெயருக்குக் கீழேயும் "மேற்படி கிணற்றில் நாலில் ஒரு பங்கு பாத்தியமும், மாமூல் வண்டித்தட பாத்தியமும்" என்று வரும். பிறகு முறை. பெரியவனுக்கு எந்த நாள், சின்னவனுக்கு எந்த நாள், மோட்டார் கொட்டகைச் சாவி யாரிடம், தூர் வாரும் செலவு எப்படி. கிணற்றில் எந்தக் கால்பகுதி உன்னுடையது என்று எந்தச் சகோதரனையும் கேட்டுப் பாருங்கள், காட்ட முடியாது. ஆனால் எந்தக் கிழமை உன்னுடையது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1931ஆம் வருடத்துக்கு வாருங்கள். அந்த வருடம் லண்டனிலிருந்து, ஒரே மன்னரின் பெயரில், இரண்டு கிணற்றுத் தகராறுகளுக்கு உத்தரவு வந்தது. ஒன்று மதுரைக்கு, மற்றது ஜெருசலேமுக்கு.

மதுரை என்றால் திருப்பரங்குன்றம். அடிவாரத்தில் முருகனுடைய குடைவரை. உச்சியில் சிக்கந்தர் பாதுஷா தர்கா. இவர்களுக்கெல்லாம் முன்னால் வந்து படுத்த சமணர்களின் கல் படுக்கைகளும் அந்த மலையில் உண்டு. அவர்கள் தரப்பில் வக்காலத்துப் போடத்தான் யாரும் இல்லை. 1920இல் தேவஸ்தானம் மதுரை சப் கோர்ட்டில் வழக்குப் போட்டது. 1923இல் தீர்ப்பு. மலை கோயிலுடையது, ஆனால் நெல்லித்தோப்பும், அங்கிருந்து மேலே ஏறும் படிக்கட்டும், பள்ளிவாசலும் கொடிமரமும் இருக்கிற உச்சிப் பாறையும் முஸ்லிம்களுடையவை. நெல்லித்தோப்பு 33 சென்ட். மலை எத்தனை பெரியது, 33 சென்ட் எத்தனை சிறியது என்று கேட்காதீர்கள். கிணற்றடி நிலமும் சிறியதுதான். 1926இல் சென்னை உயர் நீதிமன்றம், இதெல்லாம் சர்க்கார் மலை என்று தீர்ப்பைப் புரட்டியது. 1931இல் லண்டன் பிரிவி கவுன்சில் மறுபடி 1923ஐயே நிலைநிறுத்தியது.

எனக்கு அந்தப் படிக்கட்டு மேல் ஒரு பிரியம். ஒரு நீதிபதி மலையைப் பார்த்து, இது இந்துக்களுடையதா முஸ்லிம்களுடையதா என்ற கேள்விக்குள் விழாமல், ஏறிப்போகும் படியைக் கணக்கில் எடுத்திருக்கிறார். உச்சியில் தொழும் இடத்தைக் கொடுத்துவிட்டுப் போகிற வழியைக் கொடுக்காவிட்டால் அது என்ன உரிமை? வழி இல்லாத நிலத்துக்கு எங்கள் ஊரில் மதிப்பே கிடையாது.

இனி ஜெருசலேம். பைபிளில் எருசலேம், பத்திரிகையில் ஜெருசலேம், அரபியில் அல் குத்ஸ். பேர் வைப்பதிலேயே தகராறு. மதிலுக்குள் இருக்கும் பழைய நகரம் ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் ஒரு மேடு. அங்கேதான் யூதர்களின் ஆலயம் இருந்தது, கி.பி. 70இல் ரோமர்கள் இடித்தார்கள். அதே மேட்டில் ஏழாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பாறைக் குவிமாடம் நிற்கிறது, பக்கத்தில் அல் அக்ஸா மசூதி. மேட்டைத் தாங்கும் மேற்குச் சுவரில் முகம் பதித்து யூதர்கள் அழுது பிரார்த்திப்பார்கள். 1928இல் யோம் கிப்பூர் விரத நாளன்று ஆண் பெண்ணைப் பிரிக்க ஒரு தட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு தட்டிதான். அப்போது அங்கே ஆண்ட பிரிட்டிஷாரின் போலீஸ் அதைப் பிடுங்கியது. அது வளர்ந்து 1929 ஆகஸ்டில் கலவரமாகி 133 யூதர்களும் 116 அரபிகளும் செத்தார்கள்.

சர்வதேச சங்கத்தின் ஒப்புதலோடு ஒரு கமிஷன் போனது. ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து நாட்டுக்காரர்கள் மூவர். யூதரும் இல்லை, முஸ்லிமும் இல்லை, இங்கிலீஷ்காரரும் இல்லை. அவர்கள் கொடுத்த அறிக்கையின் மேல் 1931 உத்தரவு. அதை முதல் முறை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சார்பதிவாளர் ஆபீஸில் பத்திரம் எழுதுகிறவர் எழுதினது போலவே இருந்தது. சுவரும் அதன் முன்னாலுள்ள நடைபாதையும் முஸ்லிம் வக்ஃபுக்குச் சொந்தம். யூதர்கள் எந்த நேரமும் வந்து பிரார்த்திக்கலாம். வேதச் சுருள் வைக்கும் பெட்டி இன்னின்ன நாள் கொண்டுவரலாம். பெஞ்சு, நாற்காலி, தட்டி கூடாது. ஷோஃபார் என்னும் ஆட்டுக்கொம்பு ஊதக் கூடாது. இந்தப் பக்கம், தொழுகிறவர்களுக்கு இடைஞ்சலாக முஸ்லிம்கள் சடங்கு நடத்தக் கூடாது, குறிப்பிட்ட நேரத்தில் நடைபாதை வழியாகக் கால்நடை ஓட்டக் கூடாது, தெற்குக் கடைசிக் கதவு இன்ன வேளையில் பூட்டியிருக்க வேண்டும்.

சொந்தம் ஒருவருக்கு, வழியும் வேளையும் இன்னொருவருக்கும். திருப்பரங்குன்றத்தில் செய்ததும் இதுதான். நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. புனித இடத்துத் தகராறில் பெரிய கேள்விக்குப் பதில் கிடைத்து யாரும் நிம்மதியானதாக நான் படித்ததில்லை. சின்னச் சின்ன இனங்களாகத் தபசில் போட்ட இடத்தில் மட்டும் பொழுது ஓடியிருக்கிறது.

அதற்கு நல்ல சாட்சி அதே ஊரில், இயேசுவின் கல்லறைக் கோயில். கிரேக்கர், லத்தீன் கத்தோலிக்கர், ஆர்மீனியர், காப்டிக், சிரியன், எத்தியோப்பியர் என்று ஆறு கூட்டத்தார் பங்காளிகள். 1852இல் துருக்கி சுல்தான், இன்று யார் எதை அனுபவிக்கிறார்களோ அப்படியே இருக்கட்டும் என்று ஃபர்மான் போட்டார். நம் பாஷையில் மாமூல். எந்த விளக்கை யார் துடைப்பது, எந்தப் படியை யார் கூட்டுவது, எல்லாம் அதில் அடக்கம். முகப்பு ஜன்னலுக்குக் கீழே ஒரு மர ஏணி பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. எடுத்தால் யாருடைய உரிமையை எடுத்ததாகும் என்று தெரியாததால் எடுப்பதில்லை. வாசல் சாவி மட்டும் கிறிஸ்தவர் யாரிடமும் இல்லை. ஜௌதே என்ற முஸ்லிம் குடும்பம் சாவியை வைத்திருக்கிறது, நுசைபே என்ற இன்னொரு முஸ்லிம் குடும்பம் கதவைத் திறந்து பூட்டுகிறது. பங்காளிகளுக்குள் நம்பிக்கை இல்லாவிட்டால் சாவியை மூன்றாவது வீட்டில் கொடுத்துவைப்பது நம் ஊரிலும் உண்டல்லவா?

அங்கே சண்டை இல்லை என்று சொல்லவில்லை. 2002 ஜூலையில், கூரை மேல் தங்கள் உரிமைக்கு அடையாளமாக உட்கார்ந்திருந்த காப்டிக் துறவி ஒருவர், வெயில் தாங்காமல் நாற்காலியை நிழலுக்குத் தள்ளிப் போட்டார். அது எத்தியோப்பியர் பக்கம். கைகலப்பில் பதினொரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பதினொரு பேர் ஆஸ்பத்திரி. 1929இல் 249 பேர் இடுகாடு. எனக்கு முதல் கணக்கே போதும்.

சரி, தபசில் இவ்வளவு நல்லதென்றால் ஏன் தீரவில்லை?

புதிதில் கோர்ட் கமிஷனராக வாழப்பாடி பக்கம் ஒரு வண்டித்தடத்தை அளக்கப் போனேன். பத்திரத்தில் மாமூல் வண்டித்தடம் என்றிருந்தது. ஒரு தரப்புக்காரர் டிராக்டர் டிரெய்லரோடு நிற்கிறார். எதிர்த்தரப்புக்காரர், மாட்டு வண்டி அகலம்தான் உனக்குப் பாத்தியம் என்று முள் வெட்டிப் போட்டிருக்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரி. எழுதினவர் காலத்தில் டிராக்டர் கிடையாது. நான் டேப் பிடித்து, பிளான் போட்டு, அறிக்கை கொடுத்தேன். வழக்கு ஆறு வருடம் ஓடியது. அதற்குள் வாதி இறந்துவிட்டார், பிரதிவாதி நிலத்தை மனை போட்டுவிட்டார்.

தபசிலுக்கும் வயதாகும். திருப்பரங்குன்றத்தில் கார்த்திகை தீபத்தை எந்த இடத்தில் ஏற்றுவது, உச்சிக்குப் பக்கத்திலுள்ள கல்தூண் யாருடைய எல்லைக்குள் வரும் என்று 2025 டிசம்பரில் மறுபடியும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இரண்டு பக்கமும் கையில் பிடித்திருந்தது அதே 1923 தீர்ப்பைத்தான். சூடு ஆறாத வழக்கு; மேடையில் அதற்குத் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நூறு வருடத்துக்கு முந்தைய காகிதத்தை இன்னும் இரண்டு பேரும் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதே எனக்கு ஆறுதல்.

ஜெருசலேமில் அந்த ஆறுதலும் போய்விட்டது. 1931 உத்தரவு வந்த பிறகும், ஒவ்வொரு வருடமும் யோம் கிப்பூர் முடிகிற வேளையில் யாராவது ஓர் இளைஞன் சுவரடியில் கொம்பு ஊதுவான், போலீஸ் பிடித்துப் போகும். 1948 போரில் பழைய நகரம் ஜோர்டான் கைக்குப் போனது. யூதப் பகுதியிலிருந்தவர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் வெளியேற்றப்பட்டார்கள். போர்நிறுத்த ஒப்பந்தத்தில் சுவருக்கு வர வழி விடுவதாக எழுதியிருந்தும் 19 வருடம் விடவில்லை. 1967 ஜூனில் இஸ்ரேல் பிடித்தது. பிடித்த சில நாளிலேயே சுவருக்கு முன்னால் இருந்த மொரோக்கோக்காரர் குடியிருப்பை புல்டோசர் வைத்துத் தரைமட்டமாக்கி மைதானம் ஆக்கினார்கள். தபசிலில் வக்ஃபு சொத்து என்று எழுதிய இடம், வீடுகளோடு, ஓர் இரவில் மறைந்தது. அதே வாரத்தில் பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான், மேட்டின் மேல் நிர்வாகம் வக்ஃபிடமே இருக்கட்டும், யூதர்கள் வந்து பார்க்கலாம், பிரார்த்திக்க வேண்டாம் என்றும் ஏற்பாடு செய்தார். அதுவும் மாமூல்தான், நெடுநாள் தாக்குப் பிடித்த மாமூல். 2025 ஆகஸ்டில் அந்நாட்டு அமைச்சர் பென் க்விர் அங்கே போய்ப் பகிரங்கமாகப் பிரார்த்தனை நடத்தினார்.

துருக்கி சுல்தானும் இங்கிலீஷ் மன்னரும் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. நம்மை ஆண்டவர்களின் லட்சணம் நமக்குத் தெரியும். ஆனால் கிணற்றில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. பங்காளிகளில் ஒருவனே தாசில்தாராகவும் சர்வேயராகவும் போலீஸாகவும் ஆகிவிட்டால், முறை என்று பத்திரத்தில் எழுதியிருப்பதை யாரிடம் போய்க் காட்டுவது?

இதை நம் ஆட்களும் அனுபவித்திருக்கிறார்கள். இலங்கையில் கதிர்காமத்துக்கு நான் ஒரு முறை போயிருக்கிறேன். மாணிக்க கங்கையில் முழுகி, ஈரத் துணியோடு சந்நிதிக்கு வந்தால் விக்கிரகம் இல்லை. மயில் மேல் முருகனும் வள்ளி தெய்வானையும் தீட்டிய திரைதான் இருக்கிறது. பூசை செய்கிறவர் சிங்களக் கப்புறாளை, வாயைத் துணியால் கட்டியிருப்பார். எந்திரப் பேழையை யானை மேல் ஏற்றி வள்ளியம்மன் கோயிலுக்கு ஊர்வலம் போகும். வள்ளி அவர்களுக்கு வேடர் குலப் பெண். அதே வளாகத்தில் பள்ளிவாசல். ஒரு தெருத் தூரத்தில் கிரி வெஹெர என்ற புத்த தாதுகோபம். யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியிலிருந்து வெறுங்காலோடு நடந்து வருகிற தமிழர்களும் அங்கேதான் வந்து விழுகிறார்கள். சந்நிதியில் நின்றால் உலகத்திலேயே இவ்வளவு அழகான கூட்டுக் கிணறு இல்லை என்று தோன்றும்.

தெருவுக்கு வந்தால் கதை வேறு. யாத்திரிகர்கள் தங்க ராமகிருஷ்ண மிஷன் கட்டிய மடம் 1970களில் அரசாங்கத்தின் கைக்குப் போனது. ஊர் பௌத்தப் புனித நகரமாகத் திட்டம் போட்டுத் திருத்தப்பட்டது. தீமிதிப்பு ஒரு காலத்தில் தமிழ்ச் சாமியார்கள் கையில் இருந்தது. பின்னால் சிங்கள பக்தர்களிடம் போனதை மானுடவியல் அறிஞர் கணநாத் ஒபயசேகர எழுதியிருக்கிறார். சாமியை யாரும் பறிக்கவில்லை. கும்பிட வழி இருக்கிறது, காவடி எடுக்கலாம். ராத்திரி தங்குவது மட்டும் விருந்தாளியாக. சந்நிதியில் பங்கு, ஊரில் இல்லை.

ஜெருசலேம் பேச்சு எல்லாமே சுவரையும் குவிமாடத்தையும் சுற்றுவதில் எனக்கு இருக்கும் அலுப்பு இதனால்தான். 2000 டிசம்பரில் கிளின்டன் கொடுத்த யோசனை, அரபிகள் வாழும் பகுதி பாலஸ்தீனத்துக்கு, யூதர் வாழும் பகுதி இஸ்ரேலுக்கு, மேடு அவர்களுக்கு, சுவர் இவர்களுக்கு என்றது. மேட்டுக்கு அடியிலுள்ள மண்ணை யார் தோண்டலாம் என்பதுவரை பேசினார்கள். மண்ணுக்கடியில் என்ன இருக்கிறதென்பதில் சண்டை வருவது இந்த மலைக்காரர்களுக்குப் புதிதில்லை. ஆனால் மேட்டுக்கு வெளியே லட்சக்கணக்கில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். கிழக்கு ஜெருசலேம் பாலஸ்தீனர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் பிரஜைகள் கிடையாது, நிரந்தர வாசிகள். பிறந்த ஊரிலேயே, வந்து தங்க அனுமதி பெற்றவர்கள் போல ஓர் அட்டை. ஏழு வருடம் வெளியில் இருந்தால் அட்டை போகலாம். 1967க்குப் பிறகு 14,000 பேருக்கு மேல் இப்படி ரத்தாகியிருக்கிறது. வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுக்கப் பிளான் லேசில் கிடைக்காது, கிடைக்காமல் கட்டினால் இடிக்க ஆள் வரும்.

அந்த மதிலுக்குள் நமக்கும் ஒரு துண்டு இருக்கிறது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஹெரோது வாசல் பக்கத்தில் இந்திய தர்மசாலை. பாபா ஃபரீத் என்ற பஞ்சாபி சூஃபி அங்கே வந்து தவமிருந்தார் என்பார்கள். 1924இலிருந்து சகாரன்பூரிலிருந்து போன அன்சாரி குடும்பம் அதைப் பார்த்துக்கொள்கிறது. 1967 போரில் குண்டு விழுந்தபோதும் காலி செய்துவிட்டுப் போகவில்லை. குடியிருக்கிறவன்தான் கடைசியில் இடத்தைக் காப்பாற்றுகிறான்.

காசாவில் 2023 அக்டோபருக்குப் பிறகு நடந்ததையெல்லாம் பார்த்துவிட்டு இங்கே வந்து தபசில், பாத்தியம் என்று பேசுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். ஜெருசலேமுக்குத் தபசில் என்னை எழுதச் சொன்னால் முதல் இனமாகச் சுவரையும் எழுத மாட்டேன், மசூதியையும் எழுத மாட்டேன். கிழக்கு ஜெருசலேமில் சில்வானில் பிறந்த பெண் எட்டு வருடம் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தால் அவள் வீட்டுக் கதவு அவள் சாவிக்குத் திறக்க வேண்டும். இரண்டாவது இனம், யூதப் பகுதியில் இருக்கிற குடும்பத்தை 1948 போல மூட்டை கட்டச் சொல்ல எவனுக்கும் அதிகாரம் இல்லை. கிணற்று முறை மூன்றாவதாக வரட்டும்.

பதிவு செய்ய ஆபீஸ் எங்கே என்று கேட்பீர்கள். 1947 நவம்பர் 29ஆம் தேதி ஐ.நா. நிறைவேற்றிய பிரிவினைத் தீர்மானத்தில் அப்படியொரு ஆபீஸ் எழுதப்பட்டிருந்தது. ஜெருசலேம் இரண்டு நாட்டிலும் சேராத தனி நகரம். கவர்னர் இரண்டு நாட்டுப் பிரஜையாகவும் இருக்கக் கூடாது. போலீஸ்காரர்களைப் பாலஸ்தீனத்துக்கு வெளியிலிருந்து எடுக்க வேண்டும். சாவி மூன்றாவது வீட்டில். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம். பலர் கவனிக்காத ஒரு வாசகம் அதன் கூடவே இருக்கிறது. இந்த ஏற்பாடு முதலில் பத்து வருடத்துக்கு. பிறகு மறுபடி பரிசீலிக்க வேண்டும், என்ன மாற்றம் வேண்டும் என்று நகரத்தில் குடியிருக்கிறவர்கள் வாக்களித்துச் சொல்லலாம். அது ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை.

பத்து வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசித் திருத்திக்கொள்வதென்று என் கட்சிக்காரர்களின் தாத்தாக்கள் யாராவது கிணற்றுப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் வாழப்பாடி டிராக்டர் வழக்கு வந்திருக்காது. எனக்குக் கமிஷன் பேட்டாவும் கிடைத்திருக்காது.